அடிமட்டம் கட்டிய கால்

ஹாலிஎல,
திங்கட்கிழமை

றுஷாந்தனின் அம்மாவுக்கு,

எழுத நினைத்தவை:
1. உன் கோழிக்கு நேர்ந்தது.
2. நான் செய்த வைத்தியம்.
3. நீ இல்லாமலும் சமாளிப்பது.

மழைக்குப் பயந்து கதவை அவசரமாகச் சாத்தினேன். வெள்ளைச்சியின் கால் இடுக்கில் அகப்பட்டு முறிந்துவிட்டது. குற்றம் என்னுடையதே.

நான் படிப்பித்த காலத்தில் கோடு போட வைத்திருந்த மர அடிமட்டத்தில் இரண்டு துண்டு அறுத்து, காலின் இருபுறமும் வைத்துக் கட்டினேன். சரியாகத்தான் கட்டினேனா என்பது தெரியாது. பதினைந்து நாளாக அடுப்படியில் வைத்து, நொய் ஊட்டி, அதனோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"கோழிகிட்ட இம்புட்டுப் பேசுறீங்களே சேர்! இதுல பாதிய அக்காகிட்ட பேசியிருந்தா, கோவிச்சுக்கிட்டு மகன் வீட்டுக்குப் போயிருப்பாங்களா?"

நான் குனிந்து வெள்ளைச்சிக்கு நொய் ஊட்டினேன்.

இன்று காலை வெள்ளைச்சி எழுந்து நின்றது. "இங்க வந்து பாரேன்!" என்று உள்ளறையைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டுவிட்டேன்.

மூன்றாவதாக எழுதியது பிழை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்