குழாய்க்குள் சந்தனம்

12 அக்டோபர் 1993, ஓசூர்

பழைய போர் விமானங்களுக்குப் பெங்களூரில் புது ராடார் பொருத்துகிறார்களாம். அதற்கான குழாய்கள் எங்கள் சிப்காட் கொட்டகையில். வேவ்கைடு என்று பெயர். செவ்வக அலுமினியக் குழாய். ராடார் அலை அதற்குள்தான் ஓடும். உள்ளே துளி அழுக்கு போதும், விமானி பாதிக் குருடு.

முதலாளி சென்னகிருஷ்ணன் இன்று முதுகில் தட்டினார். "ஏம்ப்பா எம்மெஸ்ஸி, தேசமே நம்ம கையில இருக்குது."

தேசம் இருந்த கையில் பஜ்ஜி எண்ணெய்.

அடுத்த மாதம் என்னை நிரந்தரம் ஆக்குவாராம்.

20 அக்டோபர்

குழாய்களுக்கு உள்பாலிஷ் போடுபவர் நூருல்லா. முடித்து, இரு முனையிலும் ரப்பர் மூடி போட்டுவிட்டு, தங்கை அதியாவின் கல்யாணத்துக்கு ஊத்தங்கரை போய்விட்டார்.

23 அக்டோபர், ஆயுத பூஜை

லேத்துக்கு வாழைக்கன்று. கம்ப்ரசருக்கு மாலை. டெலிபோனுக்குப் பொட்டு. முதலாளியம்மா சரோஜம்மாள் குழாய்களிடம் வந்தார். மூடிகளைக் கழற்றினார். குழைத்த சந்தனத்தை விரலால் எடுத்து உள்ளே—

"உள்ள வேணாங்கம்மா. வெளிய வைங்க."

"நீதானப்பா சொன்ன, அலை உள்ளதான் போவுதுன்னு? அப்ப உள்ளதான வெக்கணும்?"

பல்கலைக்கழகத்தில் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை.

துடைத்துவிடலாம் என்றேன். முதலாளி முறைத்தார். "வெச்ச பொட்ட அழிக்கிறதா? கம்பெனி வெளங்குமா?"

மூடிகள் மறுபடி ஏறின.

25 அக்டோபர்

குழாய்கள் பெங்களூர் போயின. வேன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். திருஷ்டியை ராடார் காட்டாது போலும்.

5 நவம்பர்

எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அலை பாதியிலேயே சாகிறதாம். திங்கட்கிழமை அதிகாரி வருகிறார்.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். "உள்வேல யாரோடது? பூஜை அன்னிக்குன்னு பாத்து லீவு போட்டவனோடது. இன்னும் என்னா சொல்லணும்?" திங்கட்கிழமையோடு நூருல்லாவை நிறுத்துவதாக முடிவு. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஆட்டாமலும் இல்லை.

வாசலில் நூருல்லா. "மூடி போட்டுத்தான் சார் வெச்சிட்டுப் போனேன். நீங்க இருந்தீங்கல்ல, என்னா ஆச்சு?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இத அந்த ஆபீசர்கிட்ட சொல்லுவீங்களா சார்?"

7 நவம்பர்

சொன்னால் என் வேலை. சொல்லாவிட்டால் அவர் வேலை. இதுல யோசிக்க என்ன இருக்கு? யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். த்தூ.

8 நவம்பர்

அதிகாரி சஃபாரி உடையில் வந்தார். முதலாளி இளநீரை நீட்டினார். "பாலிஷ் போட்டவன் சரியில்ல சார். இன்னிக்கே அனுப்பிடறேன்."

"உள்ள சந்தனம் சார்."

என் குரலா அது? கீச்சென்று.

அதிகாரி ஒரு மூடியைக் கழற்றினார். குச்சியால் சுரண்டினார். முகர்ந்தார். குச்சியில் ஒட்டியதை விரலில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கழுவி அனுப்பச் சொன்னார், கன்னடத்தில். அடுத்த வருஷம் வெளியே வைக்கவும் சொன்னார்.

தேசம் தப்பித்தது. நூருல்லாவும்.

சாயங்காலம் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "எம் பொண்டாட்டிய ஊரு சிரிக்க வெச்சிட்ட. போய்ட்டு வாப்பா."

17 அக்டோபர் 1994, கிருஷ்ணகிரி

இப்போது நான் பாடம் எடுக்கும் டுடோரியலில் பூஜைக்குக் கரும்பலகை முழுக்கச் சந்தனம் பூசியிருக்கிறார்கள். சாக்பீஸ் பிடிக்கவில்லை. அலைகள் பற்றிய பாடம் நடக்கவில்லை. என்னைத் துரத்தி வருகிறதா இது?

பஸ் ஸ்டாண்டில் நூருல்லா. கையில் பொரிப் பொட்டலம். எனக்காம்.

"இந்த வருஷம் பூஜை அன்னிக்குக் குழாய் ரூம் சாவி எங்கிட்டதான் சார். மொதலாளியே குடுத்தாரு. பொட்டு வெக்காத கை உன்னுது ஒண்ணுதான்டான்னாரு."

"அம்மா சும்மா இருந்தாங்களா?"

"வந்து தட்டுனாங்க. நான் தொறக்கல. பூட்டுக்கு வெச்சிட்டுப் போய்ட்டாங்க."

பொரி நமத்திருந்தது. முழுப் பொட்டலத்தையும் தின்றேன்.