நாலு புது ஆணி

ஆகஸ்ட் 9

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலம்தான் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன், நீ ஒழுங்காக எழுதினால்தானே! போன கடிதத்தில், நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்று ஒரு வரி போட்டிருந்தாய். அது என்னைப் பட்டறையில் வேறு வேலை பார்க்கவிடவில்லை. ஒரு மேசை செய்துவிட்டேன். இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு இழுப்பறையும் உண்டு. கப்பலில் அனுப்ப உன் துறைமுகச் சோதனை ஆபீஸ் என்னென்ன கேட்கும் என்று இப்போதே சொல்லிவிடு. அப்புறம் திட்டாதே.

உன் பட்டறைக்காரன்


ஆகஸ்ட் 27

அன்புள்ள உங்களுக்கு,

மேசை என்றதும் அழுதுவிட்டேன். அது கிடக்கட்டும், முதலில் விதி. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் முடிய எங்களுக்குப் பூச்சிக் காலம். அங்கே குளிர் ஆரம்பித்ததும் நாற்றப்பூச்சிகள் கண்ட இடுக்கிலும் புகுந்து தூங்கும். கட்டைவிரல் நகம் அளவுதான். சரக்கோடு வந்து இங்கே வெயிலில் விழித்துக்கொண்டால் பழத்தோட்டமெல்லாம் போச்சு. அதனால் பெட்டியை ஆணியடித்து, பூச்சி சாக அனல் அறையில் வைத்து, முத்திரை வாங்குங்கள். அதன்பின் திறக்கவே கூடாது. உங்கள் கை சும்மா இருக்காது, அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன்: திறக்கவே கூடாது.

இங்கே ஒரு அறை, ஒரு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் குரலே எனக்குக் கேட்பதில்லை. நான் இந்த வேலைக்குக் கிளம்பிய அன்று, கட்டின பெண்டாட்டியை "போனா போ" என்றீர்களே, நாலு வருஷமாக அதுதான் காதில் இருக்கிறது. அதை ஒரே ஒரு தடவை திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

உங்கள்
இன்ஸ்பெக்டர்


அக்டோபர் 14

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

பெட்டி நேற்றுக் கப்பலேறியது. அனல், முத்திரை, சான்றிதழ் எல்லாம் போன மாதமே முடிந்தது. அப்புறம் நான் தொடக்கூட இல்லை. குளிர் வந்துவிட்டது. பட்டறைச் சுவரெல்லாம் உன் பூச்சிகள்தான், உன்னை ரொம்ப விசாரித்தன.

கேட்டதற்குப் பதில் எங்கே என்று கோபப்படாதே. மேசை வந்ததும் முதலில் இழுப்பறையைத் திற.

உன் பட்டறைக்காரன்


டிசம்பர் 3

அன்புள்ள உங்களுக்கு,

பெட்டி வந்தது. என் பேருக்கு வந்ததை நான் சோதிக்கக் கூடாது. சோதனைக் கூடத்தில் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றேன். என்கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரிதான் சோதித்தாள். மூடியில் பழைய ஆணிகளுக்கு நடுவே நாலு புது ஆணி. முத்திரைக்குப் பிறகு நீங்கள் திறந்திருக்கிறீர்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இழுப்பறையில் ஒரு காகிதம். அதன் மடிப்பில் பதினொரு பூச்சி, உயிரோடு. இனி முத்திரை செல்லாது, எரிக்க வேண்டியதுதான்.

"படிச்சிட்டுத் தந்துடறேன்டி" என்று கெஞ்சினேன்.

"பூச்சியோட இருந்த எதுவும் கோட்டைத் தாண்டக் கூடாது. நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தே?" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இரண்டு பைக்குள் போட்டுக் கட்டினாள். மேசையோடு அதுவும் எரிந்தது.

மேசை போகட்டும். அதில் என்ன எழுதியிருந்தீர்கள்? இன்னொரு தடவை எழுதுங்கள். தபாலில் போடுங்கள், அதை யாரும் எரிக்க மாட்டார்கள்.

உங்கள்
இன்ஸ்பெக்டர்


ஜனவரி 6

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

மேசைக்காக வருத்தப்படாதே, பலகை இன்னும் இருக்கிறது. அந்தக் காகிதமா? பெரிதாக ஒன்றுமில்லை. மேசைக்கு எப்படி எண்ணெய் தேய்ப்பது என்று எழுதியிருந்தேன். மேசையே இல்லாதபோது அது எதற்கு? உடம்பைப் பார்த்துக்கொள்.

பட்டறைக்காரன்


மே 2

அன்புள்ள உங்களுக்கு,

எண்ணெய் தேய்க்கும் முறைக்காக யாராவது அடித்த ஆணியைப் பிடுங்குவார்களா? உங்களைத் தெரியாதா எனக்கு? ஜனவரிக்குப் பிறகு மூன்று கடிதம் போட்டுவிட்டேன், ஒன்றுக்கும் பதிலில்லை.

முந்தாநாளோடு பூச்சிக் காலம் முடிந்தது. இனி அனலும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். எழுத வரவில்லை என்றால் விடுங்கள், ஆள் வந்தால் போதும்.

இன்னொரு நாற்காலி வாங்கியிருக்கிறேன். ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, எதிர் நாற்காலியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன். நீங்கள் வந்தால் தட்டை மடியில் வைத்துக்கொள்வேன்.

உங்கள்
இன்ஸ்பெக்டர்