வழுக்கி விழுந்த காயம்

அண்ணா,

பதினாறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சுகாதாரத் துறைக்கே நீ தலைவராகிவிட்டாய். பேப்பரில் வந்த உன் படத்தைத் தங்கச்சி கத்தரித்து அலமாரியில் ஒட்டியிருக்கிறாள்.

அன்று தடுப்பூசி முகாமுக்கு நர்சாகப் போன அவள், போலீஸ் வேண்டும் என்று முகாமை நடத்திய உன்னிடம் கெஞ்சினாள். "போலீஸைப் பாத்தா ஒருத்தனும் ஊசி போட வரமாட்டான், போம்மா" என்றாய். ஊசி வேண்டாம் என்று திரண்டு வந்த கும்பல் அவளை முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தது. நாற்காலிக் காலால் தாடையை உடைத்தார்கள். விழுந்த பிறகும் வயிற்றில் மிதித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நான்தான் டியூட்டி டாக்டர். அவள் ரத்தம் என் கையில் காய்வதற்குள் உன் போன் வந்தது.

"டேய், படியில வழுக்கி விழுந்துட்டாள்னு எழுது. அடிதடின்னா முகாமையே மூடிடுவாங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டேன். முகாம் நடந்தது, நீ மேலே போனாய். அடித்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

நேற்று அவள் உன் படத்தைக் காட்டிக் கோணிய வாயால் சிரித்தாள். "பாத்தியா, நான் வழுக்கி விழுந்தது வீண்போகல."

அவளுடைய பதினொரு காயங்களையும் உள்ளபடி எழுதி, என் பெயர் போட்டு, இன்று போலீசில் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தின் அடியில் மட்டும் 'உன் தம்பி' என்று எழுதக் கை வரவில்லை. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.