ஓர்மான் தோட்டத்து உண்ணிக்கொக்குகள்

அலெக்சாந்திரியா
20 மார்ச் 2016

அன்புத் தம்பி ராகிபுக்கு,

அல்லாஹ் உனக்கு நிம்மதி தரட்டும். போன் மணி கேட்டாலே உனக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது என்று நாதிரா அழுதாள். அதனால்தான் இந்தக் காகிதம். உன் ரயிலின் முன்னால் அந்த மனிதர் குதித்து இரண்டு மாதமாகிறது. பிரேக் போட்டாய், வண்டி நிற்கவில்லை. உன் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். இன்னும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் உன் மனைவி என்னதான் செய்வாள்?

மறைந்த உன் மச்சானின் கேமராவை எங்கள் மருந்துக்கடை வேன்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன் வீட்டெதிரேதான் ஓர்மான் தோட்டம் இருக்கிறதே. நானோ கால் உடைந்து, கட்டுப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக் கிடக்கிறேன். ஒரே ஒரு மரத்தைப் படம் பிடித்து அனுப்பு.

உன் அக்கா,
இன்ஸாஃப்

*

கீஸா
9 ஏப்ரல் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

கால் எப்படி இருக்கிறது? பத்து நாள் கேமராவை உறையிலிருந்தே எடுக்கவில்லை. நாதிரா என் செருப்பை வாசல் பார்க்கத் திருப்பி வைத்தாள். போய்விட்டேன்.

காவல்காரர் என்னைப் பார்த்து, "என்ன மாப்ளே, கல்யாண ஜோடியைக் காணோமே?" என்றார். இங்கே கேமராவோடு வருகிறவர்கள் மணமக்களைப் படமெடுக்கத்தான் வருவார்களாம். கொண்டலாத்திப் பறவைக்குத்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நான் பகடி பேசி எவ்வளவு நாளாயிற்று, அக்கா.

இருபத்தாறு வருஷம் தூரத்தையே பார்த்து ஓட்டினவன் நான். காலடியில் இருப்பதைக் குனிந்து பார்த்ததில்லை. புல்லில் அலகை விட்டுத் துழாவும் ஒரு கொண்டலாத்தியின் முன்னால் முக்கால் மணி நேரம் மண்டியிட்டிருந்தேன். எழுந்தபோதுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் அந்த பிரேக் சத்தம் என் காதில் இல்லை.

உன் தம்பி,
ராகிப்

*

அலெக்சாந்திரியா
2 மே 2016

அன்புத் தம்பிக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். நொண்டி நொண்டிக் கடைக்குப் போகிறேன். கொண்டலாத்தி புழுவை மேலே எறிந்து வாயில் பிடிக்கும் உன் படத்தைக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறேன். மாத்திரை வாங்க வந்தவர்கள் மீதிச் சில்லறையை மறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் புழு காற்றில் தொங்குகிற நொடிக்காக எத்தனை நாள் காத்திருந்தாய்? சின்ன வயதில் அவரைக்காய் வேகும்வரை பொறுக்காமல் பச்சையாகவே தின்பவன் நீ. இந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ, மாஷா அல்லாஹ்.

ஒரே குறை. அந்த ஒரு கடிதத்துக்குப் பிறகு வெறும் படத்தை மட்டும் அனுப்புகிறாய். கூட நாலு வரி எழுதினால் என்ன?

உன் அக்கா,
இன்ஸாஃப்

*

கீஸா
3 ஜூன் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நாதிராவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

தோட்டத்துப் பெரிய அத்தி மரத்தில் உண்ணிக்கொக்குகள் கூடு கட்டியிருக்கின்றன. பறக்கப் பழகும் குஞ்சுகளை ஒரு வாரமாக எடுக்கிறேன். பொத்தானை அழுத்திப் பிடித்தால் இந்தக் கேமரா ஒரே மூச்சில் பத்துப் படம் எடுக்கும். தாவுகிற குஞ்சு முதலில் காலை மடக்குகிறது, கழுத்தை முன்னே நீட்டுகிறது, போகிற இடத்தைப் பார்க்கிறது. நேற்று ஒன்று கால் வழுக்கி விழுந்தது. அதன் கழுத்து கிளைப் பக்கமே திரும்பியிருந்தது. விட்டுப்போன கிளையைச் சிறகு தேடியது.

படத்தைப் பார்த்ததும் கேமராவைப் புல்லில் வைத்துவிட்டேன். அந்த மனிதரும் தண்டவாளத்தைப் பார்க்கவில்லை, அக்கா. பிளாட்பாரத்தின் பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்றவரின் சட்டையைப் பிடிக்கப் பார்த்தார். அதை என் கண் கண்டிருக்கிறது. ஆனால் எல்லோரும் குதித்துவிட்டான் என்று கத்தினார்கள். நானும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்ணை மூடினால் வரும் அந்தக் காட்சியை நாலரை மாதமாகத் விரட்டிவிட்டுக்கொண்டேதான் இருந்தேன். நின்று பார்க்கவில்லை.

விசாரணைத் தாளில் அவர் பெயர் மஹ்ரூஸ் என்று இருந்தது. தையல்காரர். இம்பாபாவில் வீடு. போகப் போகிறேன்.

ராகிப்

*

அலெக்சாந்திரியா
7 ஜூன் 2016

ராகிப்,

போகாதே. வாக்குமூலத்தை மாற்றினால் வேலைக்கே உலை வைப்பார்கள். அந்த வீட்டு ஆண்கள் உன்னைச் சும்மா விடுவார்களா? நோன்பு மாதத்தில் வம்பை விலைக்கு வாங்காதே. பறவைகளைப் பார், நிம்மதியாக இரு. அக்கா பேச்சைக் கேள்.

உன் அக்கா

*

கீஸா
20 ஜூன் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பேச்சை மீறிவிட்டேன். முதலில் அலுவலகம் போய் வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்தேன். அதிகாரி முகம் சுளித்தார். ஓட்டுநர் இருக்கை இனிக் கிடைப்பது சந்தேகம். அங்கிருந்து நேராக இம்பாபா போனேன். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்திருந்தது.

மஹ்ரூஸின் மனைவி ஸனிய்யா கதவைப் பாதி திறந்தாள். யாரென்று சொன்னேன். சாத்தவில்லை, உள்ளே விடவுமில்லை. தற்கொலை என்று ஊர் பேசியதில், நாற்பதாம் நாள் ஓதுவதற்குக்கூட அந்தக் கட்டடத்தில் ஒருவரும் வரவில்லையாம். நான் கண்டதை வாசலில் நின்றே சொன்னேன். தப்பாக எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன்.

அவள் கதவை முழுக்கத் திறந்தாள். பிறகு, "அன்னைக்குக் காலைல தலை சுத்துதுன்னாரு. நான்தான் போய்க் கடையத் தொறங்கன்னு விரட்டுனேன்," என்றாள்.

அவள் கை என் பக்கம் நீண்டது. அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனாள். எதிர்க் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க."

சொன்னேன். மூன்றாம் மாடியில் சொன்னேன், இரண்டாம் மாடியில் சொன்னேன், கீழே ரொட்டிக்கடை வாசலிலும் சொன்னேன். "அவர் குதிக்கல. தவறி விழுந்தாரு. நான் பாத்தேன்." ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்து அவள் முன்னால் தலை குனிந்து நின்றார். நேற்று அந்தக் கட்டடம் முழுவதும் கூடி மஹ்ரூஸுக்காக ஓதியது. என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

உன் தம்பி,
ராகிப்

*

அலெக்சாந்திரியா
29 ஜூன் 2016

என் ராகிபுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். போகாதே என்று எழுதிய என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மனசு ஆறினால் போதும் என்று அனுப்பிய கேமரா அது. அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

பெருநாள் கழித்து வருகிறேன். இரண்டு டப்பா கஹ்க் பலகாரம் செய்து கொண்டுவருவேன். ஒன்று ஸனிய்யாவுக்கு. நீதான் என்னைக் கூட்டிப்போக வேண்டும்.

எப்போதும் உனக்கு ஏதாவது புத்தி சொல்லித்தான் முடிப்பேன். இன்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா என்று கையெழுத்துப் போடக்கூடக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இன்ஸாஃப்