பயந்த நாய்தான் வேண்டுமாம்

என் அன்பு மதினிக்கு,

நீங்கள் கடைசியாக நாய்க் காப்பகத்திலிருந்து கூட்டி வந்த செவலை இப்போது நம் வீட்டில் இல்லை. பதறாதீர்கள், முழுவதும் கேளுங்கள்.

தத்துக்குப் போகும்வரை நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றுவது உங்கள் வேலை. கேட்டு வருகிறவர்களைச் சந்தேகப்படுவது என் வேலை. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் உங்களையே சந்தேகப்பட்டவள் நான், நாய் கேட்டு வருகிறவனை விடுவேனா? நீங்கள் போனபின் இரண்டு வேலையும் என் தலையில்.

போன மாதம் நாரணாபுரத்திலிருந்து முருகேசன் என்று ஒருவர் வந்தார். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவராம். வயசென்ன, ஊசி போட்டாச்சா, கடிக்குமா, ஒன்றும் கேட்கவில்லை.

“வெடிச்சத்தம் கேட்டா பயப்படுமாக்கா?”

கம்பெனிக் காவலுக்குக் கட்டிப்போடத்தான் அடிபோடுகிறார் என்று எனக்குப் பட்டது. “ரொம்பப் பயப்படும். கட்டிலுக்கு அடியில நடுங்கிக்கிட்டுக் கெடக்கும்” என்றேன். உண்மையும் அதுதான். ஆள் கிளம்பிவிடுவார் என்று பார்த்தால், முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப இதையே குடுங்கக்கா.”

நம்ம பக்கத்தில் பயந்தாங்கொள்ளி நாயை யாராவது கேட்டு வாங்குவார்களா? வாலில் சரவெடி கட்டி வேடிக்கை பார்க்கிற கூட்டமோ? பெட்டையாச்சே, குட்டி போடவைத்து விற்பாரோ? பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். மறுவாரம் பிஸ்கட்டோடு வந்தார். செவலைக்குக் கொடுக்கும் முன் அதை மோந்து பார்த்தவள் நான்.

‘வீட்டைப் போய்ப் பார்க்காமல் நாயைக் கொடுக்காதே, நாயையும் கூட்டிப் போ’ என்பீர்களே. ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் செவலையோடு ஆட்டோவில் போய் இறங்கினேன். முருகேசன் வாசலை மறித்து நின்றார்.

“ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்லக்கா.”

“ஏன், உள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீக?”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். கயிற்றை என் கையிலிருந்து உருவிக்கொண்டு செவலை வீட்டுக்குள் பாய்ந்தது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

மூலையில் ஒரு பெண். கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள். கழுத்தில் பழைய தீக்காயம்.

“எம் வீட்டுக்காரி பாண்டியம்மாக்கா. கம்பெனி விபத்துல தப்பிச்சவ. அதுலருந்து சத்தம் கேட்டா இப்படித்தான். பயப்படாதன்னு நாங்க சொன்னா ஏறமாட்டேங்குது. அவள மாதிரியே பயப்படுற ஒண்ணு கூட இருந்தா…”

செவலை நடுங்கிக்கொண்டே அவள் மடியில் தலையை நுழைத்தது. வெளியே அடுத்த வெடி. பாண்டியம்மா தன் காதிலிருந்து கையை எடுத்தாள். எடுத்து, செவலையின் காதைப் பொத்தினாள்.

“ஒண்ணுமில்ல தாயி, நான் இருக்கேன்ல” என்றாள்.

முருகேசன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது மதினி. செவலையை அங்கேயே விட்டு வந்தேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நான் செய்தது சரிதானா? நீங்கள் உயிரோடு இருந்தால் கேட்டிருப்பேன்.

அந்த ஆளை முழுதாக நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தீபாவளியன்று சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி போய் நிற்பேன். ஊரில் வெடி ஓயும்வரை அந்த மூலையில் மூன்றாவது ஆளாக நானும் உட்கார்ந்திருப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
சரசு
திருத்தங்கல்