பஞ்ச் பண்ணு, இஸ்து பாரு

இன்று காலை ஒரு லோடு வண்டிக்காக உன் பஞ்சிங் கருவியைக் கையில் எடுத்தேன், மச்சான். உடனே என் இடது புருவத் தழும்பு அரித்தது. இரண்டுமே நீ கொடுத்துவிட்டுப் போனவைதானே.

பேட்டரி ஒயர் முனையில் மாட்டும் லக்கை நீ நசுக்கிப் பஞ்ச் பண்ணுவாய். நானோ ஈயத்தை உருக்கி ஊற்றி, நகை மாதிரி மினுக்கி வைப்பேன். பெருங்களத்தூர்க் கடையில் நமக்குள் தகராறு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெறும் அடிதடி.

"செல்ஃப் அட்ச்சு ஸ்டார்ட் பண்ணா ஒயர் சூடாவும். உன் ஈயம் உருகிடும். பஞ்ச் பண்ணு, இஸ்து பாரு, கழண்டு வரலைன்னா வண்டிய அனுப்பு" என்பாய்.

ஒருநாள் ஒருவர் வேனை விட்டுவிட்டுப் போனார். நீ டீக்குப் போன நேரம் பார்த்து லக்குக்கு ஈயம் வைத்தேன். மறுவாரம் அவர் வந்தபோது முன்கை வெந்து தோலுரிந்திருந்தது. ஈயம் உருகி, ஒயர் கழன்று, தீப்பிடித்து, அணைக்கப் போயிருக்கிறார். யார் செய்தது என்று கேட்டார். ஆள் ஆறடி. நான் என்ன வீரனா? உன்னைக் காட்டினேன்.

ஜாக்கிக் கம்பியால் அடித்தார். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பல் ஒன்றைத் துப்பினாய். அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினாய்.

"பஞ்ச் பண்ணத் தெரியாதாடா உனக்கு? இதான் பஞ்ச்."

கருவியாலேயே என் புருவத்தைப் பிளந்தாய். நான் உன் தோளைக் கடித்தேன். நீ என் தலையைப் பேட்டரி ரேக்கில் மோதினாய். பிறகு ஒரே ஆட்டோவில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய், ஜாக்கி வழுக்கிவிட்டதாக டாக்டரம்மாவிடம் ஒரே குரலில் சொன்னோம். அவர் நம்பாமலே தையல் போட்டார்.

திரும்பும்போது நீ சொன்னது ஒன்றுதான்: "அந்தாளாண்ட நீயே போய் சொல்லிடு."

நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது வருடம் ஓட்டினேன். நீ போய்விட்டாய்.

சாவு வீட்டுக்கு அந்த வேன்காரர் மாலையோடு வந்தார். அன்று அடித்த கை இன்னும் உறுத்துகிறதாம். ஐஸ் பெட்டியருகில் வைத்து அவரிடம் சொல்லிவிட்டேன். மாலையை உன்மேல் பதமாக வைத்தார். திரும்பினார். விட்டார் ஒன்று. பந்தல் நாற்காலிகளோடு விழுந்தேன். உன் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

உனக்குப் போனது இடது பல், எனக்கு வலது. அதிலும் நமக்குள் ஒத்துப்போகவில்லை.

காலையில் லக்கைப் பஞ்ச் பண்ணி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. நாக்கு தானாக அந்தப் பொந்துக்குள் போய்த் துழாவிவிட்டு வந்தது. வண்டியை அனுப்பினேன்.