ஈரத்துக்குக் கழித்த இரண்டு கிலோ

அன்புள்ள அம்மா,

உங்கள் இருமல் நின்றதா? கந்தப்பளையில் மழை விடவில்லை என்று தம்பி சொன்னான். நான் நலம். இந்தப் பாலைவனத்தில் சளிகூடப் பிடிப்பதில்லை.

நேற்று சிரிப்பான ஒரு சங்கதி. எங்கள் பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானங்கள் கிளம்பும் முன், ஆட்கள், பைகள், எரிபொருள் எல்லாவற்றின் எடையையும் நான்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். விமானப் பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. நூறு லீட்டர் எழுபத்திரண்டு கிலோதான். நான் எழுபது என்று எழுதிவிட்டேன். விமானி குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். பார்த்துவிட்டு, "பிள்ளை, மிச்ச ரெண்டு கிலோ எங்க போச்சுது?" என்றார். அதையும் சேர்த்தால் பாரம் எல்லையைத் தாண்டியது. ஒரு பையை இறக்கிவிட்டுப் பத்திரமாகப் போய் வந்தார்கள். பயப்படாதீர்கள்.

ஆனால் அம்மா, அந்த எழுபதை எழுதும்போது என் காதருகே ஒரு குரல் கேட்டது. நீங்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் நம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் குரல். "ஈரத்துக்கு ரெண்டு கழிச்சாச்சு, அடுத்த ஆளு வா." அவர் இறந்து எத்தனையோ வருஷமாகிறது. வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்கென்று கழிப்பார். நீங்கள் வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவீர்கள். இப்போது அவர் என் கையால் எழுதுகிறார். ஒவ்வொரு தாளையும் திரும்பத் திரும்பக் கூட்டுகிறேன், குரல் போகவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் தேயிலைத்தூள் கொடுத்துவிடுங்கள். வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். நீங்கள் மெலிந்துவிட்டதாகத் தம்பி சொல்கிறான். தோட்டத்து டிஸ்பென்சரித் தராசில் ஏறி நின்று எடையைச் சொல்லுங்கள். நான் கவலைப்படுவேன் என்று இரண்டு கிலோ கூட்டிச் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்,
பிரியந்தி